மண்டோர் இறங்கிப் பார்த்த கால்வாய்

முப்பத்து நான்கு வருட வேலையில் சன்னாசி நகர மன்றத்துக் கட்டடத்தின் ஆறாவது மாடிக்குப் போனது இரண்டே தடவைதான். ஒரு தடவை, நீண்ட காலச் சேவைக்கான சான்றிதழ் வாங்க. இன்னொரு தடவை, மேயர் அறையை ஒட்டிய கழிவறை அடைத்துக்கொண்டபோது. இரண்டில் எதற்குப் போனபோது மரியாதை அதிகம் கிடைத்தது என்று யாராவது கேட்டால், கழிவறைக்குத்தான் என்று சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாவது தடவை போன அந்த வியாழக்கிழமை அவர் சிரிக்கிற நிலையில் இல்லை. வியாழன்தோறும் அரசு ஊழியர்கள் போட்டாக வேண்டிய பூ அச்சுப் பாத்தேக் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குளிர்சாதனம் சில்லென்று ஓடிக்கொண்டிருந்த மண்டபத்தில் கடைசி வரிசை நாற்காலியில், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் நீளமான மேசை. ஒரு பக்கம் டத்தோ பண்டார், அதாவது நகரத்து மேயர். எதிர்ப்பக்கம் வட்டாரத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஐந்து பேர்.

மேயரை இங்கே யாரும் ஓட்டுப் போட்டுக் கொண்டுவருவதில்லை. மேலேயிருந்து நியமிக்கிறார்கள். ஓட்டு வாங்கி வந்தவர்கள் நிலை வேறு, தெருவிளக்கு எரியாவிட்டாலும் குப்பை நாறினாலும் ஏச்சு முழுவதும் அவர்கள் தலையில்தான். வாங்கிய ஏச்சையெல்லாம் சேர்த்து வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை மேயர் முன்னால் வந்து கொட்டுவார்கள். கேள்விகளை ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். இலாகாக்காரர்கள் பதில் எழுதித் தருவார்கள், மேயர் வாசிப்பார். வாசிக்கும்போது ஏதாவது இடக்காகக் கேட்டுவிட்டால் எடுத்துக்கொடுக்க, இலாகாத் தலைவர்கள் மேயருக்குப் பின்னால் கோப்போடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் தெரியாததைச் சொல்வதற்குத்தான் கடைசி வரிசை.

பதினான்காவது கேள்வி சாந்தினியுடையது. முதல் தவணை உறுப்பினர், முப்பத்தைந்து வயது, வக்கீலாக இருந்தவள். கேள்வி இதுதான்: தாமான் கெம்பார் ஜெயா குடியிருப்பில், பழைய பாலத்தருகே பெரிய கால்வாயில் தண்ணீர் ஓடாமல் தேங்குவது ஏன்? கீழ் வரிசை வீடுகளுக்குள் மூன்று முறை தண்ணீர் புகுந்திருக்கிறது, மன்றம் என்ன செய்தது?

அதற்கு எழுதிக் கொடுத்திருந்த பதிலில் இரண்டு வாக்கியம். கால்வாய் இறங்கிப் பரிசோதிக்கப்பட்டது. அடைப்பு எதுவும் இல்லை. இரண்டுமே பொய். இரண்டையும் எழுதிக் கொடுத்தவர் சன்னாசி.

இப்படிச் சொன்னால் அவரைப் பொய்யர் என்று நினைத்துவிடக்கூடும். அப்படியில்லை. தண்ணீர் விஷயத்தில் அவர் வாயிலிருந்து அதற்குமுன் ஒரு தப்பான வார்த்தை வந்ததில்லை. பத்து கெம்பார் என்ற ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் அதே தோட்டத்தில் சாக்கடை வெட்டும் கூட்டத்தில் சேர்ந்தார். இருபத்தைந்தில் மன்றத்தில் நாள் சம்பளத்துக்கு வந்து, இடுப்பளவு சேற்றில் நின்று நின்று, ஐம்பதில் வடிகால் பிரிவின் மேற்பார்வையாளர் ஆனார். மன்றத்தில் அந்தப் பதவிக்கு நீளமான மலாய்ப் பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் தோட்டத்து வழக்கப்படி ‘மண்டோர்’ என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஒரு சாக்கடையின் ஓரத்தில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், எத்தனை அடி தள்ளி என்ன அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். படித்துவிட்டு வந்த இன்ஜினியர்கள் முதலில் சிரிப்பார்கள், ஆறு மாதத்தில் அவரைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

தோட்டம் விற்றுப்போனது. மேட்டு நிலத்தில் பங்களாக்கள் வந்தன. தொழிலாளர்களுக்கு மலிவு விலை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள், எங்கே? பள்ளத்தில். அதுதான் தாமான் கெம்பார் ஜெயா. மரங்கள் இருந்தவரை மலைத் தண்ணீர் மெல்ல இறங்கிவரும். மரம் போய்த் தார்ச்சாலை வந்தபிறகு, மேலே பெய்கிற மழை நாற்பது நிமிடத்தில் கீழே வந்து நிற்கும். அதைத் தாங்குவதற்குத்தான் எட்டடி அகலத்தில் அந்தப் பெரிய கால்வாய். அதற்கு மேலே தோட்டத்துக் காலத்துச் சின்னப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மாரியம்மன் கோயிலும் மண்டபமும், இந்தப் பக்கம் வீடுகள்.

கீழ் வரிசையின் கடைசி வீட்டில் சன்னாசியின் ஒரே மகள் புனிதா குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். மனைவி விமலா இறந்த பிறகு அவருக்கு இருப்பது இந்த மகள்தான். மருமகன் தர்மேந்திரனுக்கு ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. காப்பகத்தில் பதினொரு பிள்ளைகள். மூத்ததுக்கு நாலு வயது, சின்னதுக்கு எட்டு மாதம். எல்லாம் வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை தரையில் மெத்தை விரித்துத் தூங்க வைப்பாள். தரையில்.

ஆடித் திருவிழாவில் ஆரம்பித்தது வினை. போலீஸ் அனுமதி கொடுத்த பாதைப்படி ரதம் பாலத்தைத் தாண்டித்தான் குடியிருப்புக்குள் வர வேண்டும். பாலத்திலோ கீழ்ப்பக்கம் விரிசல் விட்டு, கனரக வண்டி போகக்கூடாது என்று மன்றமே பலகை நட்டிருந்தது. ரதம், அதை இழுக்கும் லோரி, பின்னால் ஜெனரேட்டர் வண்டி, அத்தனையும் சேர்ந்தால் பாலம் தாங்காது. கோயில் கூட்டத்தில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது தலைவர் ஐயாவு சன்னாசியைப் பார்த்தார்.

“நம்ம மண்டோர் இருக்கும்போது நமக்கு என்ன கவலைலா?”

ஐயாவு பழைய கங்காணியின் பேரன். தோட்டத்துக் காலத்தில் திருவிழாவின் முதல் மரியாதை கங்காணி வீட்டுக்குத்தான். சன்னாசியின் அப்பா ஆயுள் முழுக்கக் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று திருநீறு வாங்கியவர். அந்த வீட்டு ஐயாவு எல்லார் முன்னாலும் தன்னைப் பார்த்து அப்படிக் கேட்டதும் சன்னாசிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “செய்யலாம் அண்ணே” என்று சொல்லிவிட்டுத்தான் எப்படி என்று யோசித்தார்.

அவர் யோசித்த வழி கெட்டிக்காரத்தனமானது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பாலத்துக்கு அடியில், கால்வாய்க்குள்ளேயே, பழைய தண்டவாளக் கட்டைகளை முட்டுக் கொடுத்தார். சுற்றிலும் மணல் மூட்டைகளை அடுக்கிப் பாலத்தின் அடிவயிறு வரை ஏற்றினார். இருநூற்று நாற்பது மூட்டை. வெள்ளக் காலத்துக்கென்று மன்றத்துக் கிடங்கில் வைத்திருந்தவை. யாரிடமும் கேட்கவில்லை, காதும் காதும் வைத்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை லோரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். தண்ணீர் போக இரண்டு குழாய்களை மட்டும் நடுவில் விட்டார். மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழே இறங்கிக் குனிந்தால்தான் தெரியும்.

ரதம் தாண்டியது, பாலம் அசையவில்லை. அன்று ஐயாவு தன் கையாலேயே சன்னாசிக்கு மாலை போட்டு, பரிவட்டம் கட்டி, முதல் மரியாதை செய்தார். நாதஸ்வரம் முழங்க நடுவில் நின்ற அந்த ஐந்து நிமிடம்போல அவர் வாழ்க்கையில் வேறு ஐந்து நிமிடம் கிடையாது. வீட்டுக்கு வந்து விமலாவின் படத்துக்கு முன்னால் நின்று அழுதார்.

மறுவாரம் மூட்டைகளை எடுத்துவிடத்தான் நினைத்தார். ஐயாவு தடுத்தார்.

“அக்டோபர்ல விஜயதசமி ரதம் இருக்கு மண்டோர். எடுத்துட்டு மறுபடியும் போடுறது சூசா, வீண் தொல்லைலா. ரெண்டு மாசந்தானே, கெடக்கட்டும்.”

ரெண்டு மாசந்தானே என்று சன்னாசியும் நினைத்தார். தண்ணீரை அத்தனை வருடம் பார்த்தவர், செப்டம்பரில் மழை பிடிக்கும் என்று தெரிந்தவர், அப்படி நினைத்தார். மாலை போட்ட கையிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

முதல் மழையில் தண்ணீர் புனிதாவின் வாசற்படி வரை வந்து திரும்பியது. மேலேயிருந்து அடித்து வந்த கிளைகளும் பிளாஸ்டிக் பைகளும் இரண்டு குழாய்களையும் பாதி அடைத்திருக்கும் என்பது சன்னாசிக்குப் பார்க்காமலே தெரிந்தது. “ப்பா, லோங்காங்ல என்னமோ அடைச்சிருக்கு, கொஞ்சம் பாருங்களேன்” என்றாள் மகள், கால்வாயைத்தான் அப்படிச் சொல்வாள். பார்த்துக்கொள்கிறேன் என்றார். இரண்டாவது மழையில் வீட்டுக்குள் கணுக்கால் அளவு. மறுபடி சொன்னாள். ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை என்றார். மூன்றாவது மழையில் முழங்காலுக்குக் கீழே வரை வந்தது, அதுவும் கால் மணி நேரத்தில். மெத்தைகள் நனைந்து பிள்ளைகள் வீறிட்டு அழுதன. பாலத்தைத் தாண்டிக் கோயில் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்றைக்கு அவள் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாந்தினியின் சேவை மையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்தப் புகார்தான் பதினான்காவது கேள்வியாகி மன்றத்துக்கு வந்தது. இன்ஜினியர் ஹஃபிஸ் தாளைச் சன்னாசியின் மேசையில் வைத்து, உங்க ஏரியாதானே, போய்ப் பார்த்து எழுதிக் கொடுங்க என்றார். சன்னாசி பாலத்துக்குப் போனார். மேலே நின்று கைப்பேசியில் நாலு படம் எடுத்தார். படத்தில் சுத்தமான பாலமும் கால்வாய்ச் சுவரும் இருந்தன. உண்மையை எழுதினால் மன்றத்து மூட்டையைக் கேட்காமல் எடுத்தது வெளியே வரும், பலகை நட்ட பாலத்தில் ரதம் விட்டது வெளியே வரும், ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது வேலை போகும். விஜயதசமி முடிந்த மறுநாளே எடுத்துவிடலாம், இன்னும் மூன்று வாரம்தான். அந்தக் கணக்கில் எழுதினார். ஹஃபிஸ் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மணி இரண்டரை. பத்தாவது கேள்வி ஓடிக்கொண்டிருந்தது, குப்பை லோரி பற்றி. ஒரு உறுப்பினர் மேசையில் தட்டித் தட்டிப் பேசினார். மேயர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். சன்னாசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகரத்தின் மேல் வெயில் பளீரென்று அடித்தது. சிம்பாங் பூலாய் பக்கத்து மலைகள் மட்டும் காணவில்லை. காலையில் இருந்த மலை, சாப்பாட்டுக்கு முன்னால் இருந்த மலை, இப்போது இல்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. மேலே மழை பெய்கிறது. கீழே புனிதாவின் வீட்டு வாசலில் இந்நேரம் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்டே போனது. தெருவிளக்குக் கேள்விக்கு மட்டும் பத்து நிமிடம். சன்னாசி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

பதினான்கு வந்தது. மேயர் பதிலை வாசித்து முடித்ததும் சாந்தினி சில படங்களை மேசையில் பரப்பினாள். தண்ணீரில் மிதக்கும் சின்ன மெத்தைகள். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் புனிதா.

“அடைப்பு இல்லை என்றால் இது எங்கிருந்து வந்தது டத்தோ?” என்று மலாயில் கேட்டாள். “பதிலோடு இணைத்த படங்கள் எல்லாம் பாலத்துக்கு மேலேயிருந்து எடுத்தவை. இறங்கிப் பார்த்தது யார் என்று தெரிந்துகொள்ளலாமா?”

நியாயமான கேள்வி. மேயருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. திரும்பி இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் கடைசி வரிசையைப் பார்த்தார். சன்னாசி எழுந்து நின்றார். மண்டபத்தில் இருந்த முப்பது பேரும் ஒரு சாக்கடைக்காரரைப் பார்க்கத் திரும்பியது அந்தக் கட்டடத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“நீங்கள் இறங்கிப் பார்த்தீர்களா?” என்றார் மேயர். குரலில் அதட்டல் இல்லை. “சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றைக்கே, இப்போதே இயந்திரம் அனுப்பித் தோண்டிப் பார்க்கச் சொல்கிறேன்.”

இதைவிடப் பெரிதாக ஒரு கதவை யாரும் யாருக்கும் திறந்து வைக்க முடியாது. ஆமாம் டத்தோ, சந்தேகமாக இருக்கிறது என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் இயந்திரம் வந்தால் முதல் வாளியிலேயே மன்றத்து முத்திரை குத்திய மூட்டை வரும். சன்னாசி சொன்னது:

“நானே இறங்கிப் பார்த்தேன், டத்தோ. ஒன்றும் இல்லை.”

“முப்பத்து நான்கு வருட அனுபவம்” என்று இன்ஜினியர் மேயரிடம் மெதுவாகச் சொன்னார்.

சாந்தினியின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்துவிட்டது. புகார் கொடுத்தவள் மண்டோரின் மகள் என்று அவளுக்குத் தெரியும். மகள் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்துக் கால்வாயைப் பற்றி ஒரு தகப்பன் பொய் சொல்வான் என்று எந்த வக்கீலும் நினைக்க மாட்டாள். “மண்டோரே இறங்கிப் பார்த்திருந்தால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்படியானால் மேலே பங்களாப் பகுதியிலிருந்து வரும் தண்ணீரைப் பற்றி அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் குனிந்து கைப்பேசியில் ஏதோ தட்டினாள். மேயர் பதினைந்தாவது கேள்விக்குப் போனார்.

சன்னாசி உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் கழித்து அவர் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. புனிதா அனுப்பியிருந்தாள்.

“ப்பா, மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வருது. பிள்ளைங்கள மண்டபத்துக்குத் தூக்கிட்டுப் போலாம்னு இருந்தேன். நீங்களே இறங்கிப் பாத்தீங்க, ஒன்னும் இல்லன்னு ஒய்.பி. சாந்தினி இப்பத்தான் சொன்னாங்க. அப்ப இங்கயே தூங்கட்டும்.”

அதைப் படித்தபோது மணி மூன்றுக்கு ஐந்து நிமிடம். கறுப்புச் சுவர் இப்போது நகரத்துக்குப் பாதி தூரம் வந்திருந்தது. அவர் முழங்காலை இடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டி வெளியே வந்தார். நடைபாதையில் நின்று கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. பிள்ளைகள் தூங்கும்போது சத்தம் வராமல் வைத்துவிடுவாள். மறுபடி கூப்பிட்டார். மறுபடி. நான்காவது தடவை கிசுகிசுப்பாகக் குரல் வந்தது.

“என்னப்பா? இப்பத்தான் கடைசிப் பிள்ளை கண்ணு மூடுச்சு.”

“எல்லாரையும் எழுப்பு. வெளியே போ.”

“ஏன்? நீங்க இறங்கிப் பாத்தீங்கல்ல?”

“நான் இறங்கலம்மா.”

பின்னால் ஒரு குழந்தை இருமுவது கேட்டது.

“பாலத்துக்கு அடியில மூட்டை இருக்கு. ரதம் போறதுக்கு நான்தான் வச்சேன். இன்னும் எடுக்கல. தண்ணி போக வழியே இல்ல புனிதா. மேல மழை பேஞ்சு அரை மணிக்கு மேல ஆச்சு. சீக்கிரம்.”

“மண்டபத்துக்கு...”

“வேணாம்! தண்ணி பாலத்துக்கு மேல ஏறினாலும் ஏறும், அதுல கால வைக்காத. ஆ செங் வொர்க்‌ஷாப்புக்குப் போ. அதுதான் மேடு.”

தொடர்பு அறுந்தது. அவள்தான் அறுத்தாள்.

சன்னாசி திரும்பி மண்டபத்துக் கதவைப் பார்த்தார். கண்ணாடி வழியாக மேயர் ஏதோ சொல்லிச் சிரிப்பது தெரிந்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் தீயணைப்புப் படையைக் கூப்பிடுவார்கள், இயந்திரம் அனுப்புவார்கள், அந்த வரிசையில் மற்ற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்களே, அவர்களையும் எழுப்புவார்கள். கைப்பிடியில் கையை வைத்தார். வைத்த கையை எடுத்துக்கொண்டு மின்தூக்கிப் பக்கம் நடந்தார். கேட்கிற உங்களுக்குக் கோபம் வருகிறதா, வரட்டும். அவருக்கே தன்மேல் வந்தது, கால் மட்டும் நிற்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போகும் காரின் விளக்குகூடத் தெரியாத மழை. வழக்கமாக இருபத்தைந்து நிமிடத்தில் போகிறவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வழி நெடுக மாரியம்மனைத்தான் கூப்பிட்டுக்கொண்டு போனார், எந்த முகத்தோடு கூப்பிட்டாரோ.

அவர் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்தது. கீழ் வரிசை வீடுகளில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். செங்காவி நிறத்தில், அசையாமல். மற்ற வீட்டுக்காரர்கள் நனைந்த துணியோடு மேட்டில் நின்றார்கள். கடைசி வீட்டின் கேட்டுக்கு மேல்முனை மட்டும் தெரிந்தது. அந்த வீட்டின் தரையில் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பதினொரு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. சன்னாசி வண்டியை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தார்.

தெரு முனையில் மேட்டிலிருந்த வொர்க்‌ஷாப்பில், அடுக்கி வைத்த டயர்கள் மேல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆ செங்கின் மனைவி பிஸ்கட் டின்னைத் திறந்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சன்னாசி விரலை நீட்டி எண்ணினார். பதினொன்று. மறுபடியும் எண்ணினார். புனிதா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். இடுப்புக்குக் கீழே உடம்பெல்லாம் சேறு. மூன்று தடவை போய்த் திரும்பியிருக்கிறாள், கடைசித் தடவை தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. அவர் வந்ததைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கிட்டே வரவும் இல்லை.

தாய்மார்கள் ஒவ்வொருவராக வேலையிலிருந்து ஓடி வந்தார்கள். கிளினிக்கில் வேலை பார்க்கும் தினேஸ்வரிக்குக் காப்பகத்தில் இரட்டைப் பெண் பிள்ளைகள். இரண்டையும் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தவள், எழுந்து வந்து சன்னாசியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க கரெக்ட்டா போன் போட்டீங்களாமே அண்ணே. ஆ செங் சொன்னாரு. அஞ்சு நிமிசம் தாமதிச்சிருந்தா என் புள்ளைங்க...” மேலே பேச முடியாமல் அந்தக் கைகளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். மண்டோர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். சாமி மாதிரி வந்தார் என்று இன்னொருத்தி சொன்னாள்.

அந்தக் கைகளை உருவிக்கொள்ள சன்னாசி பார்த்தார். அவள் விடவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். “ஆத்தா காப்பாத்துனாம்மா” என்றுதான் வந்தது.

அப்போதுதான் ஐயாவு குடையோடு வந்தார். பாலத்தைப் பார்த்துவிட்டு நேரே வருகிறார் போலிருந்தது. சன்னாசியின் தோளைத் தட்டிக் காதருகே குனிந்து சொன்னார். அவர் நினைத்த அளவுக்கு அது மெதுவான குரல் இல்லை, பக்கத்தில் நின்ற புனிதாவுக்கும் கேட்டது.

“இத்தனை தண்ணியிலயும் ஒரு மூட்டை அசையல மண்டோர். பாலம் அப்படியே நிக்குது. விஜயதசமிக்கு ரதம் தாராளமா போலாம்லா.”

புனிதா தோளிலிருந்த குழந்தையை அதன் தாயிடம் கொடுத்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

“அக்கா, நாளையிலேர்ந்து பிள்ளைங்கள இங்க கொண்டாராதீங்க. நர்சரிய மூடுறேன்.”

“ஏன் புனிதா?” என்றாள் தினேஸ்வரி. “ஒய்.பி. இன்னிக்கு மேயர்கிட்ட கேக்குறேன்னு சொன்னாங்களே. மன்றத்துல வந்து சுத்தம் பண்ணிருவாங்கலா.”

“கேட்டாங்கக்கா. லோங்காங்ல ஒன்னுமே இல்லன்னு எங்கப்பா மேயர் முன்னால எழுந்து நின்னு சொல்லிட்டாரு. ஒன்னுமே இல்லன்னு எழுதியாச்சு. இல்லாதத யாரு வந்து எடுப்பா?”

ஐயாவு குடையை மடக்கினார். தாய்மார்கள் புனிதாவைப் பார்த்தார்கள், பிறகு சன்னாசியைப் பார்த்தார்கள். தினேஸ்வரி அவர் கைகளை இன்னும் விடவில்லை. அவள் முகத்தில் கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

“அப்ப இவ்வளவு தண்ணி எப்படிண்ணே வந்துச்சு?”